பரோலோ டைரி: ஒரு 2010 பாட்டிலும் அஞ்சு நாளும்

நாள் 1, ஆல்பா

டூரின்ல இறங்கி ரயில் புடிச்சு ஆல்பா வந்து சேர்றப்போ சாயங்காலம் அஞ்சரை ஆயிடுச்சு. ஜன்னலுக்கு வெளிய ஒண்ணுமே தெரியல, தனாரோ ஆத்தைத் தாண்டினது கூட பாலத்துச் சத்தத்த வச்சுத்தான் தெரிஞ்சுது, அவ்ளோ மூடுபனி. இத்தாலியன்ல இந்தப் பனிக்கு நெபியான்னு பேரு. நாங்க தேடி வந்திருக்கிற திராட்சை நெபியோலோ, பரோலோங்கற சின்ன ஊரோட பேர்ல வர்ற சிவப்பு ஒயின் பரோலோ இதுலேர்ந்துதான் செய்யறாங்க. பழம் பழுக்கிற நேரத்துல மலையடிவாரத்துல பனி இறங்கி நிக்கும், அதுலேர்ந்து வந்த பேருன்னு ஒரு கட்சி, இல்ல பழத்தோல் மேல சாம்பல் பூத்த மாதிரி இருக்கே அதுலேர்ந்துதான்னு இன்னொரு கட்சி. ஸ்டேஷன விட்டு வெளிய வந்து அந்தப் பனிக்குள்ள பெட்டிய உருட்டிட்டு நடந்தப்போ நான் முதல் கட்சில சேந்துட்டேன்.

எதுக்கு இந்தப் பயணம்னு சொல்லிடறேன். எங்களுக்குக் கல்யாணம் ஆனது 2010ல. அந்த வருஷம் இந்த லாங்கே மலைகள்ல கோடை நிதானமா, குளிர்ச்சியா, ரொம்ப நீளமா போயிருக்கு, பழம் அவசரமில்லாம பழுத்திருக்கு, அதனால 2010 பரோலோவ இங்க இருக்கிறவங்க பெரிய வருஷம்னு சொல்றாங்க. முனிக்ல ஒரு பக்கத்து வீட்டுக்காரர் சில வருஷம் முன்னாடி பழைய பரோலோ ஒண்ணு திறந்து எனக்கு அரை கிளாஸ் ஊத்தினாரு, அந்த வாசனை இன்னிக்கு வரைக்கும் என்னை விடல. பதினஞ்சாவது வருஷத்துக்கு நகை வேணுமா என்ன வேணும்னு இவர் கேட்டப்போ, நம்ம கல்யாணத்து வருஷத்து பரோலோவ அது விளைஞ்ச எடத்துலயே உக்காந்து குடிக்கணும்னு சொன்னேன். அவ்ளோதான் கதை.

ஆல்பா சின்ன ஊரு, ஆனா வாசனையான ஊரு. காத்து ஒரு பக்கமா அடிச்சா வறுத்த கொட்டையும் சாக்லெட்டும் சேந்து மணக்குது, ஃபெரேரோ ஃபாக்டரி இங்கதான். 1946ல ஆரம்பிச்ச கம்பெனி, போருக்கு அப்புறம் கோகோ கிடைக்காத காலத்துல இந்த மலைல நிறைய விளையற ஹேசல்நட்ட அரைச்சுக் கலந்து ஒப்பேத்தினது பின்னாடி 1964ல நுட்டெல்லாவா வந்துச்சு. இன்னொரு வாசனை வெள்ளை ட்ரஃபிள். அக்டோபர் நவம்பர்ல ஊரே அந்தக் கிழங்கு மாதிரி காளானுக்காகத்தான் முழிச்சிருக்கு, நாயைக் கூட்டிட்டு ராத்திரி காட்டுக்குள்ள போய்த் தேடித் தோண்டிட்டு வர்றாங்க, கிராம் கணக்குல நிறுத்து விக்கறாங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு தாயரின்னு ஒரு மெல்லிசான நூடுல்ஸ், கிலோ மாவுக்கு 30லேர்ந்து 40 முட்டை மஞ்சக்கரு போட்டுப் பிசையறாங்களாம், நிறமே மஞ்சக்கிழங்கு மாதிரி இருந்துச்சு. வெண்ணெய் மட்டும்தான் மேல, அதுவே போதும்.

கூட ஒரு கிளாஸ் லாங்கே நெபியோலோ சொன்னோம், இது பரோலோவுக்குத் தங்கச்சி மாதிரி, அதே திராட்சை, சீக்கிரம் பாட்டிலுக்கு வந்துடும். கிளாஸ்ல பாத்தா அவ்ளோ வெளிர் சிவப்பு, அடியில வச்ச பேப்பர்ல எழுத்தப் படிக்கலாம். இவ்ளோ மெலிசா இருக்கே, என்ன பலம் இருக்கப் போகுதுன்னு நெனச்சு ஒரு வாய் குடிச்சா ஈறு முழுக்க இழுத்துப் புடிச்சுது பாருங்க. நிறத்துக்கும் பலத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு முதல் நாளே தெரிஞ்சு போச்சு.

நாள் 2, லா மோரா

காலைல வாடகை வண்டி எடுத்துக்கிட்டோம், இந்த மலை ஊர்களுக்கு பஸ் ரொம்பக் கம்மி, ஞாயித்துக்கிழமைன்னா நம்பவே முடியாது. ஓட்டறது இவர், அதனால இன்னிக்கு இவர் ருசி பாத்துட்டுத் துப்பற ஆள். எல்லா கடைலயும் துப்பறதுக்குன்னே பாத்திரம் வச்சிருக்காங்க, யாரும் தப்பா நெனக்கறதில்ல.

ஆல்பாலேர்ந்து மேல ஏற ஏற பனி சட்டுன்னு கீழ போயிடுச்சு. லா மோரா 500 மீட்டர் உயரத்துல இருக்கு, கோட்டை மதிலோரமா ஒரு திடல், அங்க போய் நின்னதும் நான் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. கீழ பாலு ஊத்தின மாதிரி பனி, அதுக்குள்ளேர்ந்து தீவு தீவா குன்றுகள், ஒவ்வொரு குன்று உச்சிலயும் ஒரு ஊரு ஒரு கோபுரம், குன்றுச் சரிவெல்லாம் சீப்பு வச்சு வாரின மாதிரி திராட்சை வரிசை, அறுவடை முடிஞ்சு இலையெல்லாம் மஞ்சளும் செம்பும் ரத்தச் சிவப்புமா மாறிக்கிட்டு இருக்கு. அந்தப் பக்கம் ஆல்ப்ஸ், நடுவுல தனியா முக்கோணமா 3,841 மீட்டர் மோன்விசோ. 2014ல யுனெஸ்கோ இந்த திராட்சை நிலத்த உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க, காடோ கோயிலோ இல்ல, விவசாயம் பண்ற நிலத்தை. அது எனக்கு ரொம்பப் புடிச்சுது.

ஏன்னா நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரி. எங்கப்பா பன்னீர் திராட்சை போடறவர், 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே அதே கம்பம் பன்னீர் திராட்சை. அதனால நான் இங்க கொடியத்தான் முதல்ல பாத்தேன். நம்ம ஊர்ல தலைக்கு மேல கல்தூண் நட்டு கம்பி இழுத்து பந்தல், நிழல்ல நடந்து போய் நிமிந்து குலையை வெட்டணும். இங்க பந்தல் கிடையாது, இடுப்பு உயரத்துல கம்பி, ஒவ்வொரு கொடிலயும் ஒரே ஒரு நீளக் கிளைய விட்டு வளைச்சுக் கட்டிட்டு மிச்சமெல்லாம் கவாத்துல போயிடுது. திடல்லயே நின்னு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். எல்லாத்தையும் சுத்திக் காட்டச் சொல்லி பாத்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "வருசத்துக்கு எத்தனை அறுப்பும்மா?" ஒண்ணுதாம்ப்பான்னேன். "ஒண்ணேதானா?" ன்னு ரெண்டு தரம் கேட்டாரு. நம்ம கொடிக்குத் தூக்கமே கிடையாது, கவாத்து பண்ணி விட்டா மறுபடி தளிர்த்துடும், வருஷத்துக்கு ரெண்டு, சில சமயம் மூணு அறுவடை. இங்க பனிக்காலம் முழுக்க கொடி செத்த மாதிரி தூங்குது. அதுலயும் நெபியோலோ தளிர்க்கறதுல முந்தி, பழுக்கறதுல கடைசி. ஏப்ரல்ல கண்ணு திறந்தா அக்டோபர் வரைக்கும் பழுத்துக்கிட்டே இருக்கும், நடுவுல உறைபனி, ஆலங்கட்டி, மழை எல்லாத்துக்கும் தப்பிக்கணும். இப்ப வெயில் கூடிப் போனதால அறுவடை செப்டம்பருக்கே இறங்கிடுச்சுன்னு எல்லாரும் கவலையாத்தான் சொல்றாங்க.

அதுக்கு மேல ஒரு விஷயம் சொன்னேன், அப்பாவால ஏத்துக்கவே முடியல. ஜூலை ஆகஸ்ட்ல காய் பச்சையா இருக்கறப்பவே குலைகள்ல பாதிய வெட்டிக் கீழ போட்டுடறாங்க, மிச்ச குலைக்கு சத்து முழுசா போகணும்னு. சட்டமே அப்படி, பரோலோன்னு பேர் போடணும்னா ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல எடுக்கக் கூடாது. காய்ச்ச குலைய மண்ணுல போடறதான்னு அப்பா சொன்னப்போ எனக்கும் நெஞ்சு ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஆனா நேத்து ராத்திரி ஈறு இழுத்தது நினைவுக்கு வந்துச்சு, அந்த அடர்த்தி அந்த வெட்டுலேர்ந்துதான் வருது.

அப்புறம் சரிவுல எறங்கி நடந்தோம். நடக்கறவங்களுக்கு நல்ல பாதை போட்டு வச்சிருக்காங்க, கொடி நடுவுலயே போகுது, ஷூவுல மண்ணு அப்பிக்கும். மண்ணு நீலம் கலந்த சாம்பல், காஞ்சா பொடியா உதிருது, நனஞ்சா களிம்பு. இந்த மலையெல்லாம் கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலடில இருந்தது, இன்னும் சிப்பி கிடைக்குது. லா மோரா, பரோலோ பக்கம் கொஞ்சம் இளசான மண்ணு, அங்க விளையறது சீக்கிரம் இளகும், வாசனை முன்னாடி வரும். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் செர்ராலுங்கா, மொன்ஃபோர்த்தே, அங்க மண்ணு பழசு, கெட்டி, சுண்ணாம்பு, அந்த ஒயின் வருஷக்கணக்குல வாயத் திறக்காது. ரெண்டுக்கும் நடுவுல நேர் தூரம் சில கிலோமீட்டர்தான். நாங்க ஒரு ருசி அறைல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் குடிச்சுப் பாத்தோம், ஒரே வருஷம், ஒரே திராட்சை, அக்கா தங்கச்சி கூட இவ்ளோ வித்தியாசமா இருக்க மாட்டாங்க.

வழில ஒரு குன்று உச்சில தனியா ஒரு பிரம்மாண்டமான தேவதாரு மரம், லெபனான் தேவதாரு, 1856ல ஒரு ஜோடி தங்களோட கல்யாணத்துக்கு நட்டது. அவங்க போயி, பேரப்புள்ளைங்களும் போயி, மரம் மட்டும் சுத்திலும் திராட்சையோட நிக்குது. இவர் அதுக்கடில என்னை நிக்க வச்சு ஃபோட்டோ எடுத்தாரு, பின்னாடி போடறேன். கொஞ்சம் தள்ளி புரூனாத்தேங்கிற தோட்டத்துக்குள்ள ஒரு சின்ன சாப்பல், சிவப்பு மஞ்சள் நீலம் பச்சைன்னு பட்டை பட்டையா பெயின்ட். 1914ல வேலையாளுங்க மழைக்கும் ஆலங்கட்டிக்கும் ஒதுங்கறதுக்குக் கட்டினது, பூசையே நடந்ததில்ல, பாழா கெடந்தத 1999ல சோல் லெவிட், டேவிட் ட்ரெம்லெட்னு ரெண்டு ஓவியருங்க, முதலாமவர் வெளியவும் ரெண்டாமவர் உள்ளயும் வண்ணம் தீட்டிக் கொடுத்திருக்காங்க. ஒதுங்க வர்ற கூலிக்காரங்களுக்குன்னு ஒரு கட்டடம் இருந்துச்சேங்கறதுதான் எனக்குப் பெருசா பட்டுச்சு. இன்னிக்கும் அறுக்க வர்றவங்கள்ல நிறைய பேர் மாசிடோனியாலேர்ந்தும் ஆப்பிரிக்காலேர்ந்தும் வர்றாங்க, அவங்கள்ல சிலபேரு இடைத்தரகருங்க கிட்ட மாட்டி சரியான கூலி கிடைக்காம தவிக்கறது இங்க பேப்பர்லயே வருது. இவ்ளோ விலைக்கு விக்கற பாட்டில்ல அந்தக் கைக்குச் சேர வேண்டியது சேரணும், இதுல ரெண்டு கருத்தே இருக்க முடியாது.

சாயங்காலம் லா மோராலயே ஒரு கடைல 2010 கிடைச்சுது! செர்ராலுங்கா தோட்டத்து ஒயின். விலை சொல்ல மாட்டேன், நகைய விட ரொம்பக் கம்மி. கடைக்காரர் பாட்டில ரெண்டு கையாலயும் எடுத்து சாய்க்காம என் கைல குடுத்துட்டு, "இன்னிக்குத் திறக்காதீங்க, ரெண்டு நாள் நிமித்தி நிக்க வைங்க, வண்டல் அடில படியட்டும்" னு சொன்னாரு.

நாள் 3, மழை

நேத்து ராத்திரியே காஸ்திலியோனே ஃபல்லெத்தோ பக்கத்துல ஒரு பண்ணை வீட்டுக்கு மாறிட்டோம். காலைலேர்ந்து மழை. பாட்டில் ஜன்னல் இல்லாத மூலைல, இவரோட சட்டையச் சுத்தி, நிமித்தி வச்சாச்சு. ரூமுக்குள்ள மூணாவது ஆள் இருக்கற மாதிரி அப்பப்ப போய்ப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

மத்தியானம் மழை விட்ட கேப்ல பொலென்சோ வரைக்கும் போயிட்டு வந்தோம், சவோய் ராஜாவோட பழைய பண்ணை, இப்ப அங்க 2004ல ஆரம்பிச்ச சாப்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கு. அதோட நிலவறைலதான் ஒயின் பாங்க், பேரே அதான், இத்தாலி முழுக்க இருந்து நல்ல ஒயின்கள வாங்கி முதுமையாக விட்டு வச்சிருக்காங்க. விக்கறவங்க எல்லாரும் சீக்கிரம் வித்துக் காசு பாக்கற காலத்துல யாராச்சும் இத வச்சிருந்து பாக்கணும் இல்லையா.

பண்ணை வீட்டு அம்மாவுக்கு எழுபதுக்கு மேல வயசு. இவர் ஆபீஸ்ல இத்தாலிக்காரங்களோட வேலை செய்யறதால ஓரளவு பேசுவாரு, அவங்க பேசறத எனக்கு மாத்திச் சொன்னாரு. நாளைக்கு இங்கயே திறந்து குடிக்கலாமா, வெளிப் பாட்டில் கொண்டு வந்தா தப்பா எடுத்துப்பீங்களான்னு கேட்டதுக்கு, எந்த வருஷம்னு மட்டும் கேட்டாங்க. 2010ன்னதும் கைய நெஞ்சுல வச்சுக்கிட்டாங்க.

நாள் 4, செர்ராலுங்கா, அப்புறம் அந்தப் பாட்டில்

காலைல செர்ராலுங்கா. பதினாலாம் நூத்தாண்டுக் கோட்டை, அகலமே இல்லாம ஒல்லியா வானத்தப் பாத்து நிக்குது, ஊர்த் தெரு அதச் சுத்தி வளையமா போகுது. இங்க ஒரு சின்ன குடும்பத்தோட செல்லார்ல, அதான் ஒயின் செய்யற நிலவறைல, முன்னாடியே சொல்லி வச்சிருந்தோம். படி எறங்கும்போதே மூக்குல புளிச்ச வாசனை குப்புனு ஏறுச்சு. இந்த வருஷத்துச் சாறு இன்னும் தோலோடதான் ஊறிக்கிட்டு இருக்கு, தோலு மேல மிதந்து வராம மரச்சட்டம் போட்டு அமுக்கி வச்சு முப்பது நாள், நாப்பது நாள் விட்டுடறாங்க. துவர்ப்பு முழுக்க தோலுலயும் விதைலயும் இருக்கு, அது நிதானமா எறங்கணும். அதுக்கு அப்புறம் குரோஷியாவோட ஸ்லவோனியா பக்கத்து ஓக் மரத்துல செஞ்ச பெரிய பீப்பாய், ஆளு நிமிந்து பாக்கணும், அத்தனை உயரம். பரோலோன்னா மொத்தம் 38 மாசம் வச்சிருக்கணும், அதுல 18 மாசம் மரத்துல, இன்னும் நீளமா வைக்கிற ரிசர்வா வகைன்னா 62 மாசம். இதெல்லாம் சட்டம், 1980லேர்ந்து இத்தாலியோட உச்சத் தரமான டிஓசிஜி இதுக்கு இருக்கு.

பெரிய பீப்பாயா சின்ன பீப்பாயாங்கறதுக்கு இந்த ஊர்ல ஒரு யுத்தமே நடந்திருக்கு. எண்பதுகள்ல இளசுங்க பிரான்ஸ் போயிட்டு வந்து பாரிக்னு சொல்ற 225 லிட்டர் புது ஓக் பீப்பாய், ஊறவைக்கிறது சில நாள் மட்டும், சீக்கிரம் குடிக்கிற மாதிரி மெத்துனு ஒயின்னு மாத்தினாங்க. 1983ல அந்த இளசுங்கள்ல ஒருத்தரான எலியோ அல்தாரே செயின்சா எடுத்து அப்பாவோட பழைய பீப்பாய்கள அறுத்தே போட்டுட்டாரு, அப்பாவோட உறவே முறிஞ்சு போச்சு. இன்னொரு பக்கம் பர்தோலோ மஸ்கரெல்லோ, பழைய முறைய விடவே மாட்டேன்னு நின்னவர், லேபிள்ல தானே கையால படம் வரைஞ்சு 'பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்' னு இத்தாலிப் பிரதமரா இருந்தவரையும் சேத்து எழுதி ஒட்டினாரு. 2005ல போயிட்டாரு, மகள் அதே வழில நடத்தறாங்க. எனக்கு ரெண்டு பேர் மேலயும் மரியாதை இருக்கு. அந்த இளசுங்க பண்ண கலாட்டாலதான் உலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பாத்துச்சு, அறையச் சுத்தமா வச்சுக்கறது, குலையைக் குறைக்கறது எல்லாம் அவங்க கொண்டு வந்தது. ஆனா வெண்ணிலா வாசன அடிக்கிற புது ஓக்கு நெபியோலோவோட ரோஜாவ மூடிடும், அதுல நான் மஸ்கரெல்லோ பக்கம்.

சரி, பாட்டில்.

மத்தியானம் மூணரைக்கு பண்ணை வீட்டுச் சமையலறைல திறந்தோம். அம்மாவே திறந்தாங்க. கார்க்க இழுக்கறப்போ அவசரமே இல்ல, அரை அரை சுத்தா சுத்தினாங்க, பாதிக்கு மேல ஒயின் ஏறி ஊறி இருந்துச்சு, உடையல. டீகேன்டர்ங்கற கண்ணாடிக் குடுவைல ஊத்தறப்போ கழுத்துக்குப் பின்னாடி ஒரு மெழுகுவத்திய வச்சுக்கிட்டு, வண்டல் நூல் மாதிரி கழுத்துக்கு வந்ததும் டக்குனு நிறுத்திட்டாங்க. நிறம் நடுவுல கருஞ்சிவப்பு, ஓரத்துல செங்கல் பொடி.

முதல் வாய் குடிச்சேன். ஒண்ணும் தெரியல. நெஜமா. புளிப்பும் துவர்ப்பும் மட்டும், வாசன எல்லாம் உள்ளயே பூட்டிக் கெடக்கு. என் மூஞ்சியப் பாத்துட்டு அம்மா கிளாஸ வாங்கி மேசை மேல வச்சு, உக்காருங்கன்னு கை காட்டினாங்க.

உக்காந்து அவங்க கதைய கேட்டோம். சின்ன வயசுல அவங்க அப்பா திராட்சையக் கூடைல வண்டில ஏத்திட்டு ஆல்பா சந்தைக்குப் போவாராம், தரகருங்க சாயங்காலம் வரைக்கும் விலையே பேச மாட்டாங்களாம், திரும்பிக் கொண்டு போனா அழுகிடும்னு தெரியும் இல்லையா, கடைசில கேட்ட விலைக்குக் குடுத்துட்டு வருவாராம். அப்ப இந்த மலைல பொண்ணு குடுக்க யோசிப்பாங்களாம். அண்ணனுங்க ஃபெரேரோ கம்பெனி பஸ்ல ஏறி வேலைக்குப் போய் அந்தச் சம்பளத்துல நிலத்தக் காப்பாத்தி இருக்காங்க. இன்னிக்கு நல்ல சரிவுன்னா ஹெக்டேர் மில்லியன் யூரோவத் தாண்டிப் போகுது. தரகர் கதைய இவர் மொழிபெயர்த்து முடிக்கறதுக்குள்ளயே எனக்குப் புரிஞ்சுடுச்சு, எங்கப்பா வீட்டுத் திண்ணைல உக்காந்து இதையேதான் சொல்வாரு, ஊரும் பாஷையும் மட்டும்தான் வேற.

அஞ்சு மணிக்கு மறுபடி கிளாஸ எடுத்தேன். இப்ப ஏதோ அசையுது. மழை விழுந்த தார் ரோட்டு வாசன, அதுக்குப் பின்னால உப்புல போட்ட செர்ரி மாதிரி ஏதோ. ஏழு மணிக்கு சாப்பிட உக்காந்தப்போதான் அது முழுசா வந்துச்சு. காஞ்ச ரோஜா. எங்க அம்மாச்சி டிரங்குப் பெட்டில பட்டுப் புடவை நடுவுல தவனம் போட்டு வச்சிருப்பாங்க, அது வருஷக்கணக்குல காஞ்சு போய் பெட்டியத் திறந்ததும் ஒரு வாசன வருமே, இலையும் பூவும் பழைய துணியும் மரமும் சேந்து, அதேதான். அதோட ஆரஞ்சுத் தோல், அதிமதுரம், தோல் பை. ஒவ்வொரு தரம் மூக்கக் கொண்டு போறப்பவும் வேற ஒண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

துவர்ப்பு போகல, அதச் சொல்லியே ஆகணும். நம்ம கிட்ட அறுசுவைல துவர்ப்பு ஒரு தனிச் சுவை, நாவப்பழம், வாழைப்பூ, பாக்குன்னு அத ரசிக்கத் தெரிஞ்ச நாக்கு நம்ம நாக்கு, அதனால ஒயின்காரங்க டானின்னு சொல்ற இந்தத் துவர்ப்ப யாரும் நமக்கு விளக்க வேண்டாம்னு நெனக்கறேன். இளசு பரோலோ பிஞ்சு வாழைக்காய் கறை மாதிரி நாக்க ஒட்ட வைக்கும். வருஷம் போகப் போக அந்தத் துவர்ப்புச் சத்துகள் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு, நிறத்தையும் சேத்துக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா வண்டலா எறங்கிடுது. மிச்சம் இருக்கறது களிப்பாக்கு போட்டா வாய் சுத்தமா ஆகுமே அந்த அளவுல நிக்குது. 15 வருஷத்துல எங்க பாட்டில் அந்த எடத்துக்குப் பக்கத்துல வந்திருக்கு, இன்னும் வந்து சேரல. இன்னொரு பத்து வருஷம் தாராளமா தாங்கியிருக்கும். அவசரப்பட்டுட்டோமான்னு இவர் கேட்டாரு. இல்லைன்னு சொன்னேன், பதினஞ்சு வருஷத்துல இது எப்படி இருக்கும்னு வேற எப்படித் தெரிஞ்சுக்கறது?

இவருக்கு பரோலோலயே ஊற வச்சு வேகவச்ச மாட்டுக்கறி, எனக்கு கிள்ளிக் கிள்ளி மூடின குட்டிக் கொழுக்கட்டை மாதிரி பிளின். அம்மாவுக்கும் ஒரு கிளாஸ் ஊத்தினோம். அவங்க வாய்ல வச்சு ரொம்ப நேரம் வச்சிருந்துட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க, "செர்ராலுங்கா". லேபிள அவங்க பாக்கவே இல்ல.

நாள் 5, பரோலோ, திரும்பற ரயில்

ஒரு கிளாஸ் அளவு மிச்சம் வச்சிருந்தோம், காலைல பத்து மணிக்கு, கிட்டத்தட்ட 19 மணி நேரம் கழிச்சுக் குடிச்சேன். நேத்து ராத்திரிய விட நல்லா இருந்துச்சு! ஓரமெல்லாம் இளகி, ரோஜா அப்படியே நடுவுல. இன்னும் பத்து வருஷம் தாங்கியிருக்கும்னு நான் சொன்னதுக்கு அதுவே சாட்சி.

பரோலோ ஊருக்குப் போக இன்னிக்குத்தான் நேரம் கிடைச்சுது. குன்று மேல இல்லாம குன்றுங்களுக்கு நடுவுல உள்ளங்கைல உக்காந்த மாதிரி இருக்கு ஊரு. ஃபல்லெத்தி கோட்டைக்குள்ள ஒயின் மியூசியம், ஆட்டம் பாட்டம் விளக்குன்னு நிறைய, எனக்கு அவ்ளோ ஒட்டல, கோட்டையோட கடைசி சீமாட்டி ஜூலியாவப் பத்தின பகுதி மட்டும் நின்னு பாத்தேன். பிரெஞ்சுக்காரி, இங்க வாக்கப்பட்டு வந்தவங்க, டூரின் ஜெயில்ல இருந்த பொண்ணுங்களுக்காக காலம் முழுக்க உழைச்சிருக்காங்க, 1864ல காலமானாங்க. இனிப்பு மிச்சம் இல்லாத, காலம் தாங்கற பரோலோ உருவானதுல அவங்களுக்கும் பெரிய பங்குன்னு ஊர் சொல்லுது. ஊருக்கு வெளிய நீளமா படுத்த சரிவு கன்னூபி, 1752ன்னு வருஷம் எழுதி அந்தப் பேர் போட்ட ஒரு பாட்டில் இன்னும் இருக்கு, அப்ப பரோலோங்கற ஒயின் பேரே லேபிள்ல வரல, தோட்டத்தோட பேர் வந்துடுச்சு. அந்தச் சரிவுல கொஞ்ச தூரம் நடந்து கைப்பிடி மண்ண எடுத்து விரலால தேச்சுப் பாத்தேன், அப்பாவுக்கு ஃபோட்டோ அனுப்பினேன். "களர் இல்ல, நல்ல மண்ணு, தண்ணி நிக்காது" ன்னு பதில் வந்துச்சு.

கிளம்பறதுக்கு முன்னாடி 2021 ஒண்ணு வாங்கினோம், அறுத்து நாலாவது வருஷம் ஜனவரிலதான் வெளிய விட முடியும்ங்கறதால இதெல்லாம் இப்பதான் கடைக்கு வந்திருக்கு. செர்ராலுங்காவேதான். பண்ணை வீட்டு அம்மா அத வாங்கிப் பாத்துட்டு, படுக்க வைங்க, இருட்டுல வைங்க, சலவை மிஷின் பக்கத்துல வைக்காதீங்க, அதிர்வு ஆகாதுன்னு சொன்னாங்க. முனிக் வீட்டு பேஸ்மென்ட்ல எங்க ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்து அறைலதான் சலவை மிஷின், எதிர்ச் சுவரோரமா இடம் ஒதுக்கணும்.

இப்ப ரயில்ல உக்காந்து இத டைப் பண்றேன். ஆல்பா தாண்டினதும் மறுபடி அதே பனி. பாட்டில் என் மடில, சால்வைக்குள்ள. இவர் ஒரு துண்டு டேப்ல பேனாவால '2036' னு எழுதி பாட்டில் தோள்ல ஒட்டினாரு. நான் அத அடிச்சுட்டுப் பக்கத்துல '2041' னு எழுதிட்டேன்.